வெள்ளிக்கிழமையின் கடைசி இரண்டு பீரியட்

எங்களில் ஒருவனுடைய மகன் சென்னையில், ஆண்பிள்ளைகள் மட்டும் பயிலும் ஒரு பள்ளியில், நான்காம் வகுப்புப் படிக்கிறான். சென்ற ஜனவரியில் ஒருநாள் பள்ளியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுவந்து தந்தான். ஆண்டு விழா நாடகத்தில் அவனுக்கு ஔவையார் வேடம். வெள்ளைப் புடவை, நரைமுடி டோப்பா, கைத்தடி ஆகியவற்றின் வாடகையைப் பெற்றோர் ஏற்க வேண்டும். சம்மதமென்றால் கீழே கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். பையனுக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. தாயும் மகிழ்ந்தாள். தகப்பன் மட்டும் அந்தச் சீட்டை ஃபிரிட்ஜின் மேல் வைத்துவிட்டு மூன்று நாட்கள் தொடாமலிருந்தான். நான்காம் நாள் இரவு எங்களைத் தொலைபேசியில் அழைத்து, "என்னலே செய்ய?" என்று மட்டும் கேட்டான்.

எதைப் பற்றிக் கேட்கிறான் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நாங்கள் நால்வரும் ஒரே தொடக்கப் பள்ளியில், ஒரே பெஞ்சில், ஐந்து வருடங்கள் அமர்ந்திருந்தவர்கள். அங்கே 1984 ஜனவரியில் ஒரு நாடகம் நடந்தது. அதற்குப் பிறகு நடந்ததை எங்கள் மனைவியரிடம்கூட நாங்கள் முழுமையாகச் சொன்னதில்லை. படித்த புத்தகங்களைப் பற்றி எவ்வளவோ எழுதியாயிற்று; இதையும் ஒருமுறை எழுதிவிட வேண்டும் என்று அந்தத் தொலைபேசி உரையாடலின் முடிவில் தோன்றியது.

*

அது தாமிரபரணிக் கரையில் ஒரு சிறு நகரத்தின் உதவிபெறும் ஆண்கள் தொடக்கப் பள்ளி. ஓடு வேய்ந்த நீளக் கட்டடம். தட்டிகள் வைத்துப் பிரித்த வகுப்புகள். முற்றத்தில் ஒரு வேம்பு. மூலையில் ஓர் அடிபம்பு. மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொன்னால் ஐந்தாம் வகுப்புக்குக் கேட்கும். பெண்பிள்ளைகளின் பள்ளி தெருவுக்கு அந்தப் பக்கம், உயரமான சுவருக்குள் இருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எங்களுக்குப் பெண் என்றால் அம்மா, அக்கா, ஆச்சி ஆகியோர்தான்.

வாரம் முழுவதும் பாடம். வெள்ளிக்கிழமை பிற்பகல் கடைசி இரண்டு பீரியட் மட்டும் வேறு உலகம். முதலில் மாணவர் மன்றம். வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி ஒவ்வொரு வாரமும் ஒரு பையன் தலைவர். ஒருவன் முன்மொழிவான், ஒருவன் வழிமொழிவான், தலைவர் ஆசிரியரின் நாற்காலியில் போய் அமர்வார். பேச வருகிறவன் ஆசிரியரை அல்ல, அந்தப் பத்து வயதுத் தலைவரைத்தான் முதலில் விளிக்க வேண்டும். திருக்குறள் ஒப்பித்தல், விடுகதை, ஒரு பாட்டு, நன்றியுரை, நாட்டுப்பண். சபை என்றால் என்ன, அதில் எப்படி எழுந்து நிற்பது, பிறர் பேசும்போது எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது என்பதையெல்லாம் நாங்கள் அங்கேதான் கற்றோம்.

இரண்டாவது பீரியடில் வகுப்பு பிரிந்துவிடும். சிலர் தோட்டத்துக்குப் போவார்கள்; வெண்டைக்கும் அவரைக்கும் அடிபம்பிலிருந்து வாளியில் தண்ணீர் போகும். சிலர் தக்கிளி சுற்றுவார்கள். 1937ல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலைக் கல்வியின் நடுவில் வைக்கச் சொன்னது. எங்கள் காலத்துக்கு வந்து சேரும்போது அது வாரத்துக்கு ஒரு பீரியடாகச் சுருங்கி, தக்கிளியைப் பம்பரமாக விடுவதில் முடிந்திருந்தது. எழுத்து அழகாக உள்ள நாலைந்து பேர் கையெழுத்துப் பத்திரிகை தயாரிப்பார்கள். மாதம் ஒரு பிரதி. உலகத்திலேயே அந்த ஒரு பிரதிதான். சணல் கயிற்றால் அலமாரிக் கைப்பிடியில் கட்டியிருக்கும். நின்றபடியே படிக்க வேண்டும். இன்று எங்களில் இருவர் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறோம் என்றால் அந்தச் சணல் கயிறுதான் காரணம்.

மீதமிருப்பவர்கள் குருளையர். சாரணர் இயக்கத்தின் சிறுவர் பிரிவுக்கு வழங்கும் தமிழ்ப் பெயர் அது. பேடன் பவல் 1907ல் பிரவுன்சீ தீவில் ஏறத்தாழ 20 சிறுவர்களோடு முதல் முகாமை நடத்தினார். அண்ணன்மாரைப் பார்த்துத் தம்பிமாரும் கேட்கவே, 1916ல் அவர்களுக்கென ஓநாய்க்குட்டிகள் என்ற பிரிவைத் தொடங்கினார். அதற்கான கதைச் சூழலை மும்பையில் பிறந்த ஆங்கிலேயரான கிப்ளிங் 1894ல் வெளியிட்ட காட்டுக் கதைகளிலிருந்து எடுத்துக்கொண்டார். தமிழில் பெயரிட்டவர் புலமை மிக்கவராக இருந்திருக்க வேண்டும். தொல்காப்பிய மரபியல் நாய், பன்றி, புலி, முயல் ஆகியவற்றின் இளமைப் பெயராகக் குருளையைச் சொல்லி, நரிக்கும் அது பொருந்தும் என்கிறது. ஓநாய் அந்தப் பட்டியலில் இல்லை. இருந்தாலும் நாங்கள் முற்றத்தில் வட்டமாகக் குந்தி, இரண்டு விரல்களை ஓநாய்க் காதுகளாகத் தலையில் வைத்துக்கொண்டு, எங்களால் ஆனதைச் செய்வோம் என்று அகேலாவுக்கு ஊளைக்குரல் கொடுத்தோம். அகேலா என்பது கூட்டத்தின் தலைமை ஓநாய்; எங்கள் பள்ளியில் அவர் நான்காம் வகுப்பு ஆசிரியர். காட்டில் தனியாகக் கிடந்த மனிதக் குழந்தையை ஓநாய்க் கூட்டம் தன் குட்டிகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்ட கதையை அவர் அழகாகச் சொல்வார். கதையை அங்கேயே நிறுத்திவிடுவார்.

*

ஐந்தாம் வகுப்பு ஆசிரியரை நாங்கள் நாடக சார் என்று அழைத்தோம். ஓய்வுபெற ஆறேழு மாதங்களே இருந்தன அவருக்கு. சிறுவயதில் இரண்டு வருடங்கள் ஒரு பாய்ஸ் கம்பெனியில் இருந்துவிட்டு, தகப்பனார் வந்து அழைத்துப் போனதால் மீண்டும் படித்து ஆசிரியரானவர்.

பாய்ஸ் கம்பெனி என்றால் இன்றைய வாசகர்களில் இளையவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கும். பெரியவர்கள் நடித்த நாடகக் குழுக்களில் ஒழுங்கு நிற்காமல் போன காலத்தில், சிறுவர்களை மட்டும் வைத்து நாடகம் நடத்தும் சபைகள் தோன்றின. சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். ஆறு வயதில் அதில் சேர்ந்தவர் டி.கே. சண்முகம். எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் இத்தகைய கம்பெனிகளில் வளர்ந்தவர்களே. பிள்ளைகள் கம்பெனி வீட்டிலேயே தங்கி, உண்டு, பாடம் கேட்டு, இரவில் மேடையேறுவார்கள். பெண் வேடங்களையும் அவர்களே ஏற்பார்கள். மகரக்கட்டு உடைந்து குரல் தடித்துவிட்டால் பெண் வேடம் போய்விடும். சிலருக்கு அத்தோடு பிழைப்பும் போய்விடும். இன்றைய கண்ணால் பார்த்தால் குழந்தை உழைப்பு என்றே சொல்ல வேண்டும். அதை நாங்கள் மறைக்க விரும்பவில்லை. நாடக சாரும் மறைக்கவில்லை. அடி வாங்கிய தழும்பைக் காட்டியிருக்கிறார். ஆயினும் குரலை எப்படி வயிற்றிலிருந்து எடுப்பது என்பதை அங்கேதான் கற்றதாகச் சொல்வார்.

அந்த ஆண்டு விழாவுக்கு அவர் எடுத்துக்கொண்டது பாண்டியன் சபையில் கண்ணகி வழக்குரைக்கும் காட்சி. கண்ணகியைத் தேர்ந்தெடுக்க ஒரு சோதனை வைத்தார். வகுப்பு வாசலில் நின்று ஒரே ஒரு வரி சொல்ல வேண்டும். சார் வேம்புக்கு அப்பால் நிற்பார். ஒவ்வொருவராகச் சொன்னோம். "கேக்கலலே, அடுத்தவன் வா" என்று கை அசைத்துக்கொண்டே இருந்தார். கடைசிக்கு முந்தைய பெஞ்சிலிருந்து ஒருவன் வந்தான். கணக்கு வராது, வாசிப்பும் திக்கித் திணறித்தான். காலை வழிபாட்டில் பாடுவான் என்பதைத் தவிர அவனைப் பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாது. அவன் சொன்னான். சார் கையை அசைக்கவில்லை. மரத்தடியிலிருந்து நடந்து வந்து அவன் தோளில் கை வைத்தார்.

எங்களுக்கு ஒரே நிம்மதி. பெண் வேடம் யார் தலையிலும் விழாமல் தப்பியது. எங்களில் ஒருவன் அரசன், ஒருவன் பொற்கொல்லன், ஒருவன் வாயிற்காவலன், ஒருவன் திரை இழுப்பவன்.

ஒத்திகை ஒரு மாதம் நடந்தது. வாசிக்கத் தெரியாததால் அவன் எல்லாவற்றையும் காதால் கேட்டே மனனம் செய்தான்; எங்கள் வசனங்களும் சேர்ந்து அவனுக்குப் பாடமாகிவிட்டன. முதல் நாள் அவன் இடுப்பை ஒடித்து நடந்ததும் நாங்கள் சிரித்தோம். சார் நிறுத்தினார். "பொம்பளன்னா குழையணும்னு யாருலே சொன்னா? உங்கம்மா ரேஷன் கடையில சண்டைக்குப் போகையில எப்படிப் போவா? அப்படிப் போ." அவன் ஒரு கணம் யோசித்தான். பிறகு நடந்தான். எங்களில் அரசனாக இருந்தவன் சிம்மாசனத்தில், அதாவது கவிழ்த்துப் போட்ட பெஞ்சில், சற்றுப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தான்.

சிலம்பை நாங்கள்தான் செய்தோம். அட்டையைச் சுருட்டி வளையமாக்கி, ஜிகினாத் தாள் ஒட்டி, மாணிக்கப் பரலுக்குப் பதிலாகக் குன்னிமுத்து நிரப்பினோம். அதை மென்றால் விஷம் என்று சார் எச்சரித்ததால் ஒவ்வொன்றையும் எண்ணித்தான் உள்ளே போட்டோம். மேடையில் எறிந்தால் உடைய வேண்டும். அதுதான் நாடகத்தின் உயிர். முதல் சிலம்பு உடையவில்லை, பந்துபோலத் துள்ளியது. இரண்டாவது, எடுக்கும்போதே கையில் பிரிந்தது. மைதாப் பசையை எவ்வளவு நீர்க்க வைத்தால் சரியாக ஒட்டி, சரியாகப் பிரியும் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. எங்கள் வாழ்வின் முதல் அறிவியல் சோதனை அது என்றே சொல்லலாம். அறிவியல் பாடத்தில் அப்படி எதையும் நாங்கள் செய்து பார்த்ததில்லை.

பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை மாலை விழா. முற்றத்து மணலில் தாய்மார்களும், பெஞ்சுகளில் ஆண்களும் அமர்ந்திருந்தார்கள். அவன் அம்மாவின் அரக்குப் புடவையில், அம்மாவின் சவுரியை விரித்துப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தான். அதற்கப்புறம் நடந்ததை எங்கள் நினைவிலிருந்து மிகைப்படுத்தாமல் சொல்வது கடினம். கைக்குழந்தை ஒன்று அழுததைத் தவிர வேறு சத்தமில்லை. மைக் நடுவில் செயலிழந்தது. அது யாருக்கும் தெரியவில்லை. சிலம்பு உடைந்து குன்னிமுத்துக்கள் முதல் வரிசையில் இருந்த சிறப்பு விருந்தினரின் செருப்பு வரை ஓடின. அரசன் உடனே சரிந்து விழ வேண்டும். எங்கள் அரசன் விழ மறந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். சார் திரைக்குப் பின்னாலிருந்து "விழுலே" என்று பல்லைக் கடித்த பிறகே விழுந்தான். உண்மையிலேயே பயந்துவிட்டேன் என்று இன்றும் சொல்கிறான்.

அவனுக்கு ஓர் எவர்சில்வர் டம்ளர் பரிசு. அதை வாங்கும்போது, புடவையோடு, சிரித்துக்கொண்டே நின்றான். அவன் அப்படிச் சிரித்ததை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகும் பார்க்கவில்லை.

*

எங்கள் ஊர்ப் பேச்சில் ஆணைக் கூப்பிட ஏலே. பெண்ணைக் கூப்பிட ஏளா. இரண்டுக்கும் நடுவில் ஓர் எழுத்துத்தான் வேற்றுமை. திங்கட்கிழமை காலை அவன் வகுப்புக்குள் நுழைந்தபோது எங்களில் ஒருவன், "ஏளா, வந்துட்டியா?" என்றான்.

அது யார் என்பதில் எங்களுக்குள் இன்றும் உடன்பாடில்லை. இரண்டு பேர் தாங்கள்தான் என்று நம்புகிறார்கள்; மற்ற இருவரால் தாங்களில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரையை 'நாங்கள்' என்று எழுதுவதற்கு அதுவே காரணம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதும் எளிது என்பதை அறிந்தேதான் எழுதுகிறோம்.

வகுப்பே சிரித்தது, அவனும்கூடச் சிரித்தான். அன்று மாலைக்குள் அது அவன் பெயராகிவிட்டது. அடிபம்பு வரிசையில், "பொம்பளைக்கு முதல்ல விடுங்கலே" என்று வழிவிட்டோம். அவன் உட்காரும் பெஞ்சில் சாக்பீசால் பொட்டு வைத்தோம். கபடிக்கு ஆள் பிரிக்கையில் அவனை யாரும் எடுக்கவில்லை. இவை ஒவ்வொன்றும் சின்ன விஷயம். ஒரு நாளில் பத்து, வாரத்தில் ஆறு நாள், மூன்று மாதம் என்று பெருக்கிப் பார்க்க எங்களுக்கு அப்போது தோன்றவில்லை, எங்களுக்குக் கணக்கு நன்றாக வந்தபோதும்.

பிப்ரவரியில் வருகைப் பதிவேட்டின்படி மன்றத்தில் அவன் தலைவராகும் முறை வந்தது. அன்று நாடக சார் விடுப்பு. வேறோர் ஆசிரியர் பின்னால் உட்கார்ந்திருந்தார். முன்மொழிந்தோம், வழிமொழிந்தோம். அவன் நாற்காலியில் போய் அமர்ந்தான். எங்களில் ஒருவன் பேச எழுந்தான். வெள்ளிக்கிழமைகளில் கற்றுக்கொண்ட அத்தனை நிமிர்வோடும், கைகளைக் கட்டிக்கொண்டு, தெளிவான உச்சரிப்பில், "மாண்புமிகு தலைவி அவர்களே" என்று தொடங்கினான்.

கூரை அதிரச் சிரித்தோம். பின்னால் இருந்த ஆசிரியரும் சிரித்துவிட்டார். அவர் கெட்ட மனிதரல்லர். சிரிப்பு தன்னை மீறி வந்திருக்க வேண்டும். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவனுக்கு அந்த அறையில் யாரும் இல்லை. அவன் எழுந்து, அடுத்த நிகழ்ச்சியை அறிவித்தான். எங்கள் காதில் விழவில்லை. ஆசிரியர், "சத்தமாச் சொல்லுலே" என்றார். வேம்புக்கு அப்பால் கேட்ட குரல், முதல் பெஞ்சுக்குக் கேட்கவில்லை.

செய்தி நாடக சாரின் காதுக்குப் போயிற்று. மறுவாரம் பாடத்தை நிறுத்திவிட்டு எங்களுக்குக் கதை சொன்னார். டி.கே. சண்முகம் வளர்ந்த ஆண்மகனாகிய பிறகு 1940களில் ஔவையாராக நடித்ததையும், ஔவை என்ற சொல் அவர் பெயருக்கு முன்னால் விருதாக ஒட்டிக்கொண்டதையும் சொன்னார். 1953ல் திரையில் ஔவையாராக வந்த கே.பி. சுந்தராம்பாள், 1935ல் நந்தனாராக ஆண் வேடம் ஏற்றதையும் சொன்னார். "சி.எம். யாரு? பாய்ஸ் கம்பெனிப் பையன்தானலே?" என்று கேட்டார். வாய் பிளந்து கேட்டோம். இன்னும் சொல்லச் சொன்னோம். மணி அடித்தது. சார் போனார். நாங்கள் அவன் பக்கம் திரும்பி, "ஔவையாரே" என்றோம். கதை கேட்டால் மனம் மாறிவிடும் என்று அந்த நல்ல மனிதர் நம்பியிருந்தார். இலக்கியத்தை நம்பி வாழும் எங்களைப் போன்றவர்கள் அடிக்கடி நினைத்துக்கொள்ள வேண்டிய காட்சி அது.

அவன் முதலில் வழிபாட்டுப் பாட்டை விட்டான். பிறகு குருளையர் வட்டத்திலிருந்து விலகி, தோட்டத்துக்குத் தண்ணீர் சுமந்தான். ஏப்ரலில் ஐந்தாம் வகுப்பு முடிந்தது. நாங்கள் எல்லோரும் உள்ளூர் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தோம். அவன் சேரவில்லை. காலையில் எங்கள் பள்ளி வாசலைக் கடந்துபோய் பஸ் ஏறி, அடுத்த ஊர்ப் பள்ளிக்குப் போய்வந்தான். அங்கே அவனை யாருக்கும் தெரியாது. அந்தப் பள்ளியில் என்ன விசேஷம் என்று நாங்கள் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தோம். காரணம் எங்களுக்கு எட்டவே இரண்டு வருடங்களாயின.

வளர்ந்த பிறகு கிப்ளிங்கை நாங்களே படித்தோம். அகேலா சொல்லாமல் விட்ட பகுதி அதே முதல் கதையில் இருக்கிறது. மனிதக் குட்டியை ஏற்றுக்கொண்ட அதே கூட்டத்தின் இளைய ஓநாய்கள், புலியின் பேச்சைக் கேட்டு, அதே பாறையில் கூடி, அவனை வெளியேற்றுகின்றன. அந்தப் பக்கத்தில் எங்களில் ஒருவர்கூட நிற்காமல் கடக்கவில்லை.

*

2019ல் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்குப் போயிருந்தபோது எங்களில் இருவர் அவனைச் சந்தித்தார்கள். ரத வீதியை ஒட்டிய சந்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். அடையாளம் கண்டுகொண்டு, நாற்காலி போட்டு, காப்பி வரவழைத்தான். எல்லோரையும் பற்றி விசாரித்தான். ஆனால் 'வாங்க, போங்க' என்றே பேசினான். ஐந்து வருடம் ஒன்றாக மணலில் புரண்டவர்களை எங்கள் ஊரில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. நாங்கள் 'நீ' என்று சொல்ல வாயெடுத்து, விழுங்கி, நாங்களும் 'நீங்க' என்றோம்.

கடைசியில் ஒருவன் அந்தப் பேச்சை எடுத்தான். "அன்னைக்கு நாங்க பண்ணினது..." என்று தொடங்கினான். அவன் கையிலிருந்த செப்புக் கம்பியைச் சுற்றுவதை நிறுத்தாமல், "சின்னப் பிள்ளையில எல்லாரும் செய்யதுதான், விடுங்க" என்றான். மன்னித்ததாகவும் இல்லை, மறந்ததாகவும் இல்லை. நாடக சார் இருக்கிறாரா என்று கேட்டான். அவர் மறைந்து வெகுகாலம் ஆகிவிட்டது என்றதும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நல்ல மனுசன். இப்பவும் நான் கடையில இருந்து கூப்பிட்டா தெருமுனை டீக்கடைக்குக் கேக்கும்" என்றான். கூப்பிட்டும் காட்டினான். இரண்டாவது காப்பி வந்தது.

*

இன்று பள்ளிகளின் விளம்பரத் தாளைப் பார்த்தால் சதுரங்கம், கீபோர்டு, டேக்வாண்டோ, அபாகஸ், ரோபோட்டிக்ஸ் என்று பட்டியல் நீள்கிறது. எங்கள் தலைமுறையின் குறையை எங்கள் பிள்ளைகளைக் கொண்டு தீர்த்துக்கொள்கிறோம். அரசும் பின்தங்கவில்லை. 2022ல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் வானவில் மன்றம் வந்தது. அந்தக் கல்வியாண்டிலேயே கலைத் திருவிழாவும் தொடங்கியது. கிராமத்துப் பிள்ளைகள் பறையும் கூத்துமாக மேடையேறுவதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. இவற்றின் பெயரும் மாறியிருக்கிறது. பாடத்துக்குப் புறம்பானவை என்ற நிலையிலிருந்து பாடத்துக்கு இணையானவை ஆயின. 2005ன் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு கலைகளைக் கல்விக்கு உள்ளேயே வைத்தது. 2020ன் தேசியக் கல்விக் கொள்கை அந்தக் கோட்டையே அழிக்க வேண்டும் என்கிறது. நல்லதுதான். நாங்களும் அந்த வெள்ளிக்கிழமைகளை இழக்கச் சம்மதிக்க மாட்டோம்.

ஆனால் எந்தப் பட்டியலிலும் திங்கட்கிழமை இல்லை. பாடம் படிக்கிற பிள்ளை கூட்டத்துக்குள் மறைந்துகொள்ளலாம். பாடுகிற, ஆடுகிற, வேடம் கட்டுகிற பிள்ளை தன்னை வெளியே எடுத்துக் காட்டுகிறது. நாம் கைதட்டி வெளியே வரவழைக்கிறோம். வந்த பிறகு, விளக்கு அணைந்த பிறகு, அது தன் வகுப்புக்குத் தனியாகத்தான் திரும்பிப் போகிறது. எங்கள் பள்ளி எங்களுக்கு மேடையில் நிற்கக் கற்றுத் தந்தது. நின்றவனை மறுநாள் எப்படிப் பார்ப்பது என்று கற்றுத் தரவில்லை. பள்ளியை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. கற்றுத் தராமலே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் அது.

*

எங்கள் நண்பனிடம் கையெழுத்துப் போடச் சொன்னோம். போட்டுவிட்டு, சீட்டை மகன் கையில் கொடுத்தனுப்பாமல், நீயே எடுத்துக்கொண்டு போ என்றோம்.

போனான். வகுப்பு ஆசிரியை இளம் பெண். வேடத்தைப் பற்றியோ வாடகையைப் பற்றியோ கேட்க வந்திருப்பதாக அவர் நினைத்திருக்கிறார். "விழா முடிஞ்சு திங்கட்கிழமை பசங்க யாராவது கேலி பண்ணினா என்ன செய்வீங்க மிஸ்?" என்று இவன் கேட்டிருக்கிறான். அவர் உடனே பதில் சொல்லவில்லையாம். "நான் அதை யோசிக்கலை சார்" என்றாராம். அந்த நேர்மை எங்களுக்குப் பிடித்திருந்தது.

அடுத்த வாரத்திலிருந்து ஒத்திகையில் ஒரு மாற்றம் வந்ததாகப் பையன் சொன்னான். நாடகத்தில் இருக்கும் எல்லோரும், அதியமான் உட்பட, ஒவ்வொரு நாள் ஔவையாராக நின்று வசனம் பேச வேண்டும். வெள்ளைப் புடவை அத்தனை பேர் தோளிலும் ஏறி இறங்கியது. அதியமானாக நடிக்கிறவனுக்குப் புடவையில் தடுக்கி முழங்கால் சிராய்த்துவிட்டதாம்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை விழா நடந்தது. நாங்கள் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தோம். பையன் கைத்தடியை மேடைக்குப் பின்னாலேயே மறந்துவிட்டு வந்தான். குரலும் அப்படியொன்றும் பிரமாதமில்லை. கை வலிக்கத் தட்டினோம்.

திங்கட்கிழமை மாலை நாலரை மணியிலிருந்து நாங்கள் மூவரும், மூன்று ஊர்களில், வேலை எதுவும் ஓடாமல் உட்கார்ந்திருந்தோம். ஐந்தே காலுக்கு அழைப்பு வந்தது.

"ரெண்டு பேரு பாட்டின்னு கூப்பிட்டானுவளாம்" என்றான் நண்பன்.

"பிறகு?"

"மிஸ் பக்கத்துலயே இருந்தாங்களாம்."